இடது காறை எலும்பு

மாலை ஆறு ஐம்பது. மார்கழி மாதம். உள்துறைமுக வீதியில் ஆள் இல்லை.

மழை விட்டிருந்தது. மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. வீதியின் நடுவில் ஒரு மான் நின்றது. விலகவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு ஒரு பெட்டை சைக்கிளை உருட்டிப் போனாள். அவளுடைய பையில், துவாய்க்குள் சுற்றியபடி, ஒரு மனித எலும்பு இருந்தது.

"ஆரக்கா அவ?" என்று அம்ரா கேட்டாள்.

"எங்கட மச்சாளோட படிச்சவ. குறுக்க கதைக்காம கேளுங்கோ," என்றாள் குணேஸ்வரி.

உவர்மலையில் ஒரு போர்டிங். கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிவிட்டது. சித்த மருத்துவம் முதலாம் வருடப் பெட்டைகள் ஐந்து பேர் ஒரே பாயில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மெழுகுதிரி. பக்கத்தில் எலும்புப் பெட்டி, படிப்பதற்கான மனித எலும்புகளோடு. குணேஸ்வரி மூன்றாம் வருடம். பெட்டியை ஒருத்தியிடம் ஒப்படைக்க வந்திருந்தாள். அதற்கு முன் இந்தக் கதையைக் கேட்டாக வேண்டும் என்றாள்.

எலும்புப் பெட்டியை யாரும் விற்பதில்லை. ஒரு சீனியர் ஒரு ஜூனியருக்குக் கொடுப்பார். யாருக்கு என்பது அவர் விருப்பம். வாங்கியவர் மூடியின் உட்பக்கத்தில் பெயரை எழுத வேண்டும். அவ்வளவுதான்.

சைக்கிளை உருட்டிய அந்தப் பெட்டையின் பெயர் ஜெயரூபி. உப்புவெளி. பள்ளிக்கூடம் முடியும்வரை வகுப்பில் அவள்தான் முதலாம் பிள்ளை. வளாகத்துக்கு வந்து மூன்றாம் மாதம் இரண்டாம் பிள்ளையானாள். முதலாம் பிள்ளை கீர்த்தனி. குச்சவெளி. இருவரும் ஒரே அறை.

கீர்த்தனி விழுந்து விழுந்து படிக்கவில்லை. ஜெயரூபிக்குப் பொறுக்காதது அதுதான். கீர்த்தனி கண்ணை மூடிக்கொண்டு எலும்பைத் தடவுவாள். பெயரைச் சொல்வாள். இடதா வலதா என்று சொல்வாள். பிறகு எழும்பிப் போய்க் குசினியில் இரண்டு கோப்பை தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வருவாள். ஒன்று ஜெயரூபிக்கு.

எலும்பு எந்தப் பக்கத்தது என்று அறிய ஒரு வழி உண்டு. அதை ஓர் உடம்போடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பொருந்தும். மற்றப் பக்கம் பொருந்தாது. கழுத்துக்குக் கீழே, நெஞ்சிலிருந்து தோளுக்குப் போகும் காறை எலும்பை கீர்த்தனி ஜெயரூபியின் மேல் வைத்துத்தான் படித்தாள்.

"உன்ர இடப்பக்கம் ஒரு முடிச்சு இருக்கடி."

"ஒன்பது வயசில சைக்கிளால விழுந்து முறிஞ்சது. ஒட்டின இடம் அது."

"பாக்குக் கணக்கா இருக்கு," என்று கீர்த்தனி பெருவிரலால் தடவிச் சிரித்தாள். ஜெயரூபியும் சிரித்தாள். அந்த விரலை முறித்தால் என்ன என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

சீனியர் சிவரூபன் பெட்டி கொடுக்கும் நாள் வந்தது. ஒரு மாதமாக அவனுடைய குறிப்புகளை எல்லாம் திருத்தமாக எழுதிக் கொடுத்தவள் ஜெயரூபி. அவன் பெட்டியைத் தூக்கி மற்றவளின் மடியில் வைத்தான். "கீர்த்தனியிட்ட இருக்கட்டும். அவளின்ர கைக்கு எலும்பு பேசும்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஜெயரூபியும் தட்டினாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

"எடி, இது எங்கட ரெண்டு பேருக்கும்தானே," என்றாள் கீர்த்தனி. அது இன்னும் எரிந்தது.

பரீட்சைக்கு முதல் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பட்டியல் வாசிப்பார்கள். ஓர் எலும்பு குறைந்தாலும் பெட்டிக்காரி அந்த முறை பரீட்சைக்கு இருக்க ஏலாது. அந்த வருடம் பட்டியல் வாசிப்பது ஒரு திங்கட்கிழமை.

வியாழன் மாலை கீர்த்தனி குளிக்கப் போனாள். பெட்டி திறந்து கிடந்தது. ஜெயரூபி கையை விட்டாள். இடது காறை எலும்புதான் கையில் வந்தது. கீர்த்தனி ஈரத் தலையோடு வந்தாள். பாராமல் பெட்டியைப் பூட்டினாள். வெள்ளி பின்னேரம் சாவியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு குச்சவெளி பஸ் ஏறினாள்.

அந்த வெள்ளிதான்... ஆறு ஐம்பது. உள்துறைமுக வீதி.

திருகோணமலைத் துறைமுகம் கரையிலேயே ஆழம். ஜெயரூபி துவாயைப் பிரித்தாள். எறிந்தாள். நின்று கேட்டாள்.

தண்ணீரில் எதுவும் விழுந்த சத்தம் வரவில்லை.

ஒரு சுள்ளி விழுந்தாலும் சத்தம் கேட்கும். இன்னும் கொஞ்சம் நின்றாள். ஒன்றும் இல்லை. சைக்கிளைத் திருப்பினாள். அந்த மான் அதே இடத்தில் நின்றது. அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது தோளுக்கு மேலே, பின்னுக்கு, எதையோ பார்த்தது. பிறகு பாய்ந்து ஓடியது. குளம்புச் சத்தம் தார் வீதியில் நெடுநேரம் கேட்டது...

"அல்லாஹ்... போதும் கா," என்று அம்ரா பக்கத்திலிருந்த ரிஸ்னாவின் கையைப் பிடித்தாள்.

"கையை விடு. நகம் குத்துது," என்றாள் ரிஸ்னா. "நீங்க சொல்லுங்க அக்கா."

அன்றிரவு அறையில் ஜெயரூபி தனியே. கீர்த்தனியின் கட்டிலுக்குக் கீழே பெட்டி. பூட்டியபடி. பன்னிரண்டு மணிக்குப் பிறகு சத்தம் தொடங்கியது. டக்... கொஞ்ச நேரம். டக்... காய்ந்த எலும்பு எலும்பில் முட்டும் சத்தம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைப்பதுபோல. யாரோ எதையோ தேடுவதுபோல. விடியுமுன் நின்றது.

சனி இரவு சத்தம் இல்லை. மணம் வந்தது. இறங்குதுறையில் வரும் மணம். பாசி. என்ஜின் எண்ணெய். கட்டிலின் ஓரம் பதிந்தது. யாரோ இருந்தார்கள்.

ஜெயரூபி கண்ணைத் திறக்கவில்லை. கீர்த்தனி வந்துவிட்டாள் என்று நினைத்தாள். அப்படி நினைக்கவே விரும்பினாள்.

"நித்திரை கொள்ளடி," என்றாள்.

குளிர்ந்த ஒன்று அவளுடைய வலது காறையில் பட்டது. ஈரமாக. பொருந்தவில்லை. எடுத்தது. இடப் பக்கம் வைத்தது. ஒரு பெருவிரல் அந்த முடிச்சைத் தேடிப் பிடித்துத் தடவியது. நிதானமாக. பிறகு ஒரு பெருமூச்சு. விடை கிடைத்தவர் விடும் மூச்சு.

"இடது," என்றது.

காலையில் தலையணையின் இடப் பக்கம் ஈரம். நக்கிப் பார்த்தாள். உப்பு. தலை இழுக்கச் சீப்பை எடுத்தாள். இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. நோவு இல்லை. எழும்பவில்லை, அவ்வளவுதான்.

திங்கள் காலை கீர்த்தனி குச்சவெளியிலிருந்து நேரே வளாகத்துக்கு வந்தாள். பெட்டியை ஜெயரூபிதான் சுமந்துகொண்டு போனாள், வலது கையால். கீர்த்தனியின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்திலேயே நின்றாள். தோள் தொங்கினாலும் அந்த ஆசை தொங்கவில்லை.

பட்டியல் வாசித்தார்கள்.

"வலது காறை."

"இருக்கு சேர்."

"இடது காறை."

கீர்த்தனி வழக்கம்போலப் பாராமல் கையை விட்டாள். விரல்கள் ஓடின. நடுவில் நின்றன. அவள் திரும்பி ஜெயரூபியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளுடைய கழுத்துக்குக் கீழே பார்த்தாள்.

"இருக்கு சேர்," என்றாள். விரல்களைத் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே நின்றாள்.

கீர்த்தனி அந்த வாரமே அறை மாறினாள். பரீட்சையில் அவள்தான் முதலாம் பிள்ளை. ஜெயரூபி இரண்டாம் பிள்ளை.

விடுமுறையில் ஜெயரூபியை எக்ஸ்றே எடுக்கக் கொண்டுபோனார்கள். எடுத்தவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொருமுறை எடுத்தார்.

"எப்ப தங்கச்சி ஒப்பரேசன் செய்தது?"

"ஒப்பரேசனா? எனக்கு ஒண்டும் செய்யேல்ல."

அவர் அவளுடைய தோலைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. படத்தில் வலப் பக்கம் காறை எலும்பு இருந்தது. இடப் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில்... ஒன்றும் இல்லை.

குணேஸ்வரி நிறுத்தினாள். வெளியே தவளைகள் கத்தின.

"அவ மௌத்தாகிட்டாவா?" என்று ரிஸ்னா மெதுவாகக் கேட்டாள்.

"சீச்சீ. உயிரோடதான் இருக்கிறா. உப்புவெளியில, தகப்பன்ர வீட்டில. போன கிழமையும் கண்டனான். இடது தோள் மட்டும் கொஞ்சம் உள்ளுக்கு விழுந்திருக்கு. என்னையே பாத்துக்கொண்டு நிண்டா."

அவள் பெட்டியை நகர்த்தினாள். அம்ரா ஒரு மாதமாக குணேஸ்வரியின் உடுப்பைக்கூட அயர்ன் பண்ணிக் கொடுத்தவள். நிமிர்ந்து இருந்தாள். குணேஸ்வரி பெட்டியை ரிஸ்னாவின் மடியில் வைத்தாள்.

மற்றவர்கள் கை தட்டினார்கள். அம்ராவும் தட்டினாள். கொஞ்சம் பிந்தி.

"பயந்திட்டீங்களா? வெறும் கதை," என்று ஒருத்தி சிரித்தாள்.

ரிஸ்னா மூடியைத் திறந்தாள். மெழுகுதிரியைக் கிட்டப் பிடித்து உட்பக்கத்துப் பெயர்களை வாசித்தாள். "சிவரூபன்... கீர்த்தனி... புஸ்பராணி... குணேஸ்வரி." கீர்த்தனி என்ற பெயரில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சிரித்தவள் சிரிப்பை நிறுத்தினாள். குணேஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிஸ்னா காறை எலும்புகள் இரண்டையும் தேடி எடுத்தாள். ஒன்றைத் தன் உடம்போடு வைத்துப் பார்த்தாள். வலப் பக்கம் பொருந்தவில்லை. இடப் பக்கம் பொருந்தியது.

"நடுவுல ஒரு முடிச்சு இருக்கு," என்றாள்.

அம்ரா கையை நீட்டி அதை வாங்கினாள். மற்ற எலும்பையும் வாங்கினாள். இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

"அக்கா," என்றாள். "மத்தது குளிர்ந்து கிடக்கு. இது மட்டும் ஏன் சூடா இருக்கு?"