யாருக்கும் சேரும் ரத்தம்

மண்ணெண்ணெய் விளக்கை எரித்துக் குளிர் உண்டாக்கலாம் என்றபோது முதலில் நானும் நம்பவில்லை, ஐயா. சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துவிட்ட குளிர்பெட்டி அது. எங்கள் டாக்டரம்மா அதை லாரியில் ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நான்தான் என்பதால் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னிடம் வந்தது. வெளியே கரிசல் வெடித்துக் கிடந்த கோடையிலும் உள்ளே ரத்த பாட்டில் சில்லென்று இருக்கும்.

நல்ல ரத்தத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். பாட்டிலை அசைக்காமல் வைத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் நீர் தெளியும். அந்த நீரும் சிவந்துவிட்டால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஏற்றினால் ஆளைக் கொன்றுவிடும். கெட்டதை உடனே கொட்டிவிட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. ஒரு பாட்டிலை மட்டும் நான் கொட்டவில்லை.

ரத்தம் கொடுக்க ஊரே பயந்தது. மளிகைக் கடை முகமது இஸ்மாயில் மட்டும் தானாக வந்து கையை நீட்டினார். அவருடையது யாருக்கும் சேரும் ரத்தம். "என்னால ஒரு உசுரு பிழைச்சா சந்தோசந்தானே, கம்பவுண்டரய்யா" என்றார். பெட்டியில் அப்போது இருந்த நல்ல பாட்டில் அவர் கொடுத்தது ஒன்றுதான்.

என் மனைவி பாலாமணி தலைப்பிரசவத்தில் ரத்தம் போய் இறந்தவள். அவள் பெற்றுவிட்டுப்போன மகள் சௌடேஸ்வரி அப்போது நிறைமாதம். இரக்கம் காட்டுங்கள் என்று இதைச் சொல்லவில்லை, ஐயா. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு மத்தியானம் மாட்டு வண்டியில் மும்தாஜ் பேகத்தைக் கொண்டுவந்தார்கள். இஸ்மாயிலின் மனைவி. வீட்டிலேயே பிள்ளை பெற்றிருந்தார், ரத்தம் நிற்கவில்லை. இஸ்மாயில் சரக்கு எடுக்கத் தூத்துக்குடி போயிருந்தார். டாக்டரம்மா பாட்டிலைக் கேட்டார்.

"கெட்டுப்போச்சும்மா" என்றேன்.

காட்டச் சொன்னார். கொட்டாமல் வைத்திருந்த பழைய பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். இஸ்மாயிலின் பெயர்ச் சீட்டை முன்பே அதில் மாற்றி ஒட்டியிருந்தேன். நல்ல பாட்டில் மருந்துப் புட்டிகளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

டாக்டரம்மா தன் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். சேரவில்லை. கூட வந்த தாயாருடையதும் சேரவில்லை. மும்தாஜ் பேகம் தண்ணீர் கேட்டார். நான்தான் கரண்டியில் ஊற்றினேன்.

"எம் பிள்ளை அழுவுதாண்ணே?"

"நல்லா அழுவுதும்மா."

அது உண்மைதான். பொழுது சாய்வதற்குள் அவர் அடங்கிவிட்டார்.

மறுநாள் இஸ்மாயில் வந்து நின்றார். "எம் ரத்தம் ஒரு பாட்டிலு இருந்துச்சே, கம்பவுண்டரய்யா?"

"கெட்டுப்போச்சு, பாய்."

"அப்ப எம் ரத்தத்துலதான் கோளாறா?"

"ஒவ்வொருத்தர் உடம்பு வாகு அப்படி" என்றேன்.

அவர் தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு போனார். தன் ரத்தம்தான் மனைவியைக் கைவிட்டது என்று கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொன்னாராம். பிள்ளையைத் தூக்குவதே இல்லையாம். அவர் ரத்தமே கெட்டுப்போகும் என்றால் நம் ரத்தம் எதற்கு என்று ஊரில் ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

சௌடேஸ்வரிக்குச் சுகப்பிரசவம். ரத்தம் தேவைப்படவில்லை. பிறகு ஒருநாள் எடுத்துப் பார்த்தேன், இஸ்மாயிலின் பாட்டிலிலும் மேல்நீர் சிவந்திருந்தது. உத்தரவுப்படி கொட்டிவிட்டேன்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானாகவேதான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். மும்தாஜ் பேகத்தைச் சாகவிட்டது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை என்றாலும் சரி. ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். இன்றைக்கே இஸ்மாயிலிடம் ஆள் அனுப்பி, அவருடையது நல்ல ரத்தம்தான் என்று சொல்லிவிடுங்கள். பெட்டி காலியாக இருக்கிறது. சௌடேஸ்வரி மறுபடி முழுகாமல் இருக்கிறாள், இந்த முறை கால் வேறு வீங்கியிருக்கிறது.

அவர் நல்ல மனுஷர், ஐயா. கேட்டால் மறுக்கமாட்டார்.