செட்டப் இல்ல மேடம்

ஃபேன் வேணாம் மேடம், கோச்சுக்காதீங்க. ஜன்னலுக்கு மேல அந்த மூலையில பாருங்க, சிலந்தி. இப்பத்தான் வலை கட்டிட்டிருக்கு. காத்து பட்டா அறுந்துரும். ஃபேன் சுவிட்சையே கழட்டிப் போட்டுட்டேன். கொஞ்சம் வேர்க்கும், அப்புறம் பழகிரும். எங்க வீட்ல எல்லாருக்கும் பழகிருச்சு.

சேச்சே, சந்தேகம் கேக்குறதுல என்ன தப்பு? போட்டின்னா விசாரிக்கத்தான் செய்யணும். முதல் பரிசுன்னா வாசல்லயே ஆளுயரத்துக்கு மாட்டப் போறீங்க. நாளைக்கு எவனாவது வந்து, இது செட்டப் படம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா உங்க பேரும் போச்சு, என் பேரும் போச்சு. நடுவரே வீடு தேடி வந்திருக்கீங்க, எனக்குப் பெருமைதான். என்ன வேணா கேளுங்க, மறைக்க ஒண்ணுமில்ல.

அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும் மேடம். பூச்சிப் படம் எடுக்குறவங்கள்ல பாதிப் பேரு ஃபிராடு. தும்பியைப் பிடிச்சு டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிருவாங்க. வெறச்சதும் எடுத்து, பூ மேல உக்கார வச்சு, ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிச்சு, அதிகாலைப் பனியில்னு கீழ எழுதிப் போடுவாங்க. எனக்குக் காலைப் பாத்தாலே தெரிஞ்சிரும். உசுரா உக்காந்த பூச்சி இதழை இறுக்கிப் பிடிச்சிருக்கும். குளிர்ல வெறச்சது சும்மா சாஞ்சு கிடக்கும். என்கூட தொழில் கத்துக்கிட்டவன் ஒருத்தன் இப்படித்தான் பண்ணினான். கண்காட்சியில அத்தனை பேரு முன்னாடியும் அவன் படத்துக்குப் பக்கத்துல நின்னு, பூச்சியோட ஒவ்வொரு காலா விரல் வச்சுக் காட்டினேன். அவன் பொண்டாட்டி பிள்ளைங்களும் வந்திருந்தாங்க. அப்புறம் கேமராவையே வித்துட்டான்னு கேள்வி. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.

நான் ஒரு பூச்சியைக் கூட விரலால தொட்டதில்ல. தானா வரணும், தானா உக்காரணும், தானா போகணும். அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன்.

பொழப்புக்கு பாஸ்போர்ட் போட்டோ கடைதான் மேடம். நாள் பூரா மூஞ்சி. தாடையை இறக்குங்க, காதைக் காட்டுங்க, சிரிக்காதீங்க. மனுஷ மூஞ்சில பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். கிட்டப் போகணும். இன்னும் கிட்ட. இன்னார்னு தெரியாத அளவுக்குக் கிட்டப் போனாத்தான் அழகு.

இதோ மாட்டியிருக்கே, வறண்ட ஏரி மாதிரி. எல்லாரும் ஏரின்னுதான் நினைச்சாங்க. ஒரு பத்திரிகையில மழை பொய்த்த மண்ணுன்னே எழுதிட்டாங்க. அது என் பொண்டாட்டி குதிகால் மேடம். வெடிப்பு. அவ துணி துவைச்சுட்டுக் காலை நீட்டி உக்காந்திருந்தா, எடுத்துட்டேன். கண்காட்சியில பாத்த உடனே கண்டுபிடிச்சுட்டா. அன்னையிலருந்து வீட்டுக்குள்ளயும் சாக்ஸ் போட்டுட்டுத்தான் நடந்தா. படம் நல்லா வந்திருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாளா? இல்ல.

அவ இல்ல மேடம். டீ நான்தான் போட்டேன். சர்க்கரை போதுமா?

அவளுக்கு இதுல அக்கறையே கிடையாது. ஒரு தடவை நான் கொசு ரத்தம் குடிக்கிறதை எடுத்துட்டிருக்கேன், அவ கையிலதான். வயிறு அப்படியே மாதுளை முத்து கணக்கா செவந்துட்டு வருது. பட்டுன்னு அடிச்சுட்டா. கடிச்சுதுங்கறா. கடிக்கத்தானே செய்யும்? ஒரு வாரம் அவகிட்ட பேசல. அப்புறம் ராத்திரியெல்லாம் இருமல். இருமினா கேமரா ஸ்டாண்டு ஆடுது, இலையில பூச்சி முட்டை பொரியுற நேரம். சமையக்கட்டுல போய்ப் படுன்னு சொல்லிட்டேன். போய்ப் படுத்துக்கிட்டா, அது வரைக்கும் நல்லவ.

சரி, படத்துக்கு வர்றேன். நீங்க அதுக்குத்தானே வந்திருக்கீங்க.

படத்துல இருக்குற கன்னம் என் பொண்ணோடது. பாப்பா உள்ள படிச்சுட்டிருக்கா. ஆளிருக்குற சத்தமே கேக்கல பாத்தீங்களா? நடந்தாக்கூட தரை அதிராது. அந்தப் பழக்கம் நான் குடுத்தது.

பட்டாம்பூச்சி ஜன்னலுக்கு வெளிய இருக்கே, அந்தப் பூந்தொட்டிக்கு வர்றதுதான். நீலம், நகத்தளவு. ஒருநாள் பாப்பா விளையாடிட்டு வந்து ஜன்னல்கிட்ட நிக்கிறா, கழுத்து வேர்வையில வந்து உக்காந்துருச்சு. உக்காந்து, சுருட்டி வச்சிருக்குற குழலை நீட்டி, வேர்வையைக் குடிக்குது. உப்புக்காக. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. வேர்வையைக் குடிக்கிறது கண்ணீரைக் குடிக்காதா? கன்னத்துல ஒரு சொட்டு, அதுல நீல இறக்கை தலைகீழாத் தெரியணும், குழல் அந்தச் சொட்டுக்குள்ள இறங்கணும். அந்தப் படத்துக்கு எத்தனை மாசம் அலைஞ்சேன் தெரியுமா?

கிளிசரினா? உங்க வாயால அப்படிக் கேக்கலாமா மேடம்? கிளிசரின்ல உப்பு ஏது, பட்டாம்பூச்சி எதுக்குக் குடிக்கப் போகுது? வெங்காயம் வச்சுப் பாத்தேன், அதை மறைக்கல. பாப்பாவை உரிக்கச் சொன்னேன். கண்ணீர் வந்துச்சு, ஆனா அந்த நெடிக்குப் பட்டாம்பூச்சி கிட்டயே வரல.

அடிக்கிறதா? அடிக்கிற ஆள் இல்ல நான். அடிச்சாலும் பிரயோஜனமில்ல. அடி வாங்கின புள்ள தேம்பும், உடம்பு குலுங்கும், ஃபோகஸ் போயிரும். எனக்கு வேண்டியது சத்தமில்லாத அழுகை. பாப்பாவுக்கு அது வரும். அவ அம்மாவை ஆஸ்பத்திரிக்கு வண்டியில ஏத்தின அன்னைக்குப் பாத்தேன். வாசக்கதவைப் பிடிச்சுட்டு சுவத்தோட சுவரா நிக்கிறா, கண்ணுல மட்டும் தண்ணி கொட்டுது. இமை கூட ஆடல. கையில கேமரா இல்லாமப் போச்சேன்னு என்னை நானே அடிச்சுக்கிட்டேன்.

கேட்டுட்டீங்க. இதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். எதையாவது பொய் சொல்லிக் குழந்தையை அழ வச்சீங்களான்னு. நியாயமான கேள்வி. உங்க அம்மா வரமாட்டா, செத்துப் போயிட்டான்னு பொய் சொல்லி அழ வச்சு எடுத்திருந்தா அது செட்டப்தான். நானே உங்க இடத்துல இருந்தா அந்தப் படத்தைக் கிழிச்சுத் தூக்கிப் போட்டிருப்பேன். எனக்கும் அந்த யோசனை வராம இல்ல, ஆனா மனசு ஒப்பல. பொய்யில வந்த கண்ணீரும் ஸ்ப்ரே பாட்டில் தண்ணியும் எனக்கு ஒண்ணுதான்.

அன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சு. அவ போயிட்டான்னு சொன்னாங்க. உடனே வாங்கன்னாங்க. வர்றேன்னு சொல்லி வச்சுட்டேன்.

காலையில அந்த ஜன்னல்ல வெளிச்சம் தட்டையா இருக்கும் மேடம், எதுக்கும் ஆகாது. சாயங்காலம்தான் மஞ்சளா, சாய்வா விழும். அதனால பாப்பாகிட்ட அப்பச் சொல்லல. சோறு போட்டேன், சாப்பிட்டா. முடி கன்னத்துல விழக்கூடாதேன்னு நானே இழுத்துப் பின்னி விட்டேன். அப்பா எனக்குப் பின்னி விடுறாருன்னு அவளுக்கு ஒரே சந்தோஷம். என் மச்சினி போன் மேல போன், நான் எடுக்கல. எடுத்தா அழுதுட்டே ஓடி வந்திருவா, வீடு பூராக் கூட்டம் சேந்திரும், பட்டாம்பூச்சி ஒண்ணு நிக்காது.

வெயில் சரியா வந்ததும் ஜன்னல் ஓரமா ஸ்டூல்ல உக்கார வச்சேன். ஃபோகஸைக் கன்னத்துல வச்சுப் பூட்டினேன். அப்புறம் சொன்னேன்.

அசையல மேடம். நான் நினைச்சபடியே. ஒரு சொட்டு உருண்டு வந்து கன்னமேட்டுல நின்னுச்சு. தொடைக்காதம்மான்னு மட்டும் சொன்னேன். தொடைக்கல. அது தானா வந்துச்சு, தானா உக்காந்துச்சு, வயிறு நிறையக் குடிச்சுட்டுத் தானாப் போச்சு. பூச்சிக்கு ஒரு தொந்தரவும் இல்ல. இன்னைக்கு வரைக்கும் பாப்பா ஒரு முகம் சுளிச்சதில்ல. அதுக்கப்புறம் அழவும் இல்ல. ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணிப் பாத்துட்டேன், வரமாட்டேங்குது.

ஏன் மேடம் எந்திரிச்சுட்டீங்க? டீ அப்படியே இருக்கே. என் வார்த்தையில நம்பிக்கை இல்லன்னா பாப்பாவையே கூப்பிடுறேன், நீங்களே கேளுங்க. அப்பா உன்கிட்டப் பொய் சொன்னாரான்னு கேளுங்க. இல்லன்னுதான் சொல்லுவா.