நாகையா இருக்கும்போதே தொடங்கிய விழா

தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய திரு. பழனியப்பன் அவர்களே, ஐந்தாம் வரிசையில் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர், அரசப் பட்டம் பெற்ற டத்தோ அவர்களே, கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த முதியோரே, மடியில் மழலையோடும் தாளம் தவறாது தட்டும் தாய்மாரே, பிரிக்பீல்ட்ஸ் வாழ் பெருமக்களே, உங்கள் அனைவரையும் வணங்கி நிற்கிறேன்.

எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஆறு நிமிடம். டிரம்ஸ் வாசிக்கும் நாகையா தண்ணீர் குடித்து, வியர்வை துடைத்து, கடைசிப் பாடலுக்கு வந்து அமரும்வரை பேசலாம் என்பது விழா அமைப்பாளர் புனிதாவின் கட்டளை. வேண்டுகோள் அல்ல, கட்டளை.

இன்று 2025 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. 'கரைக்காற்று' இசைக்குழுவின் 'நங்கூரம்' இசைத்தொகுப்பு வெளியீடு. அழைப்பிதழில் மாலை நான்கு மணி. முதல் பாடல் எழுந்தது நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு. நம்மவர் விழாவில் நான்கு என்றால் நான்காக இருந்ததுண்டா? சிரிக்கிறீர்கள். நானும் சிரித்திருப்பேன், சென்ற முறை குற்றவாளி நானாக இல்லாதிருந்தால்.

இக்குழுவின் முதல் வெளியீடு 2019 மார்ச் 10. அங்கே ஓர் அன்பர், "ஒன்பதாம் தேதி, அங்கிள்" என்கிறார். இல்லை ஐயா, பத்து. அழைப்பிதழ் என் சட்டைப்பையில் இருக்கிறது. அவ்விழாவின் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் அடியேன். விளக்கேற்றல், வரவேற்புரை, ஒன்பது வாழ்த்துரைகள் என்று அடுக்கினேன். பாட வந்தவர்களின் விழாவில் பாட்டுக்குப் பன்னிரண்டாம் இடம். அன்றைய சிறப்பு விருந்தினர் வராமல் தொடங்கலாகாது என்று தடுத்தவனும் நானே. அவர் வந்தது ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம் தாமதித்து. மாலை, மேளம், மரியாதை, அதன்பின் உரைகள்.

நாகையா போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டுபவர். அன்றைக்கு இரவு எட்டு மணி ஷிப்ட். ஆறேகாலுக்கு என்னிடம் வந்தார். "ஒரு பாட்டாச்சும் வாசிச்சிட்டுப் போகலாம்னு பாத்தேன், அங்கிள். ரயில் போயிரும் லா." குச்சிகளைப் பையில் செருகிக்கொண்டு நடந்தார். மூன்றாண்டு உழைப்பு, தாளமின்றித் தள்ளாடி அரங்கேறியது. அதன்பின் நாகையா மேடையேறவே மறுத்துவிட்டார். ஒரு நாளா, ஓராண்டா? ஆறு ஆண்டு, ஆறு மாதம், நான்கு நாள்.

இவ்வாண்டு ஜூலை 6, இவ்விழாவுக்கான முதல் கூட்டம். பழைய நிகழ்ச்சி நிரலையே துடைத்து மெருகேற்றி நீட்டினேன். புனிதா அதைத் திறக்கவும் இல்லை. முதலில் நாகையாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, செப்டம்பர்ல உங்க ஷிப்ட் எப்படி?"

"அதே கதைதான். ஞாயித்துக்கிழமைன்னா ஆறேகாலுக்குக் கிளம்பணும். என்னை விட்டுரு, புனிதா."

"நாலு மணிக்குப் பாட்டு. முதல் அயிட்டமே நீங்கதான். வரலன்னா நான் கிரேன்ல ஏறி வந்து இழுத்துக்கிட்டு வருவேன்."

சிறப்பு விருந்தினரின் தேதியைக் கேட்க வேண்டாமா என்று நான் பதறினேன்.

"டத்தோ இல்லாமப் பாட்டு நடக்கும், அங்கிள். டிரம்ஸ் இல்லாம நடத்திப் பாத்தாச்சுல்ல."

நாற்பதாண்டு விழாக்கள் நடத்தியவன், நீட்டிய நிரலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். டத்தோ அவர்களிடமும் புனிதாவே பேசினார். "நீங்க வரும்போது பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும், டத்தோ. பின் கதவால வாங்க." டத்தோ பெருந்தன்மையோடு இசைந்தார். நான்கு முப்பத்தைந்துக்கு ஓசையின்றி வந்தமர்ந்தார். மாலை எங்கே என்று தேடியவன் நான் ஒருவனே.

வேறென்ன செய்தார் புனிதா? மூன்று மணிக்கே உணவைப் பரிமாறினார், நடுப்பாட்டில் எவரும் எழாதிருக்க. வீடு வீடாக அழைத்தார்: "நாலுன்னா நாலு, ஆன்டி. அஞ்சுக்கு வந்தா மூணு பாட்டு போச்சு." வந்தீர்களே, அனைவரும் வந்தீர்களே.

விழா யாருக்கு? மேடையை நிறைக்கும் மாலைகளுக்கா? மணிக்கணக்கில் முழங்கும் என் போன்ற வாய்களுக்கா? பணியில் இரும்பைத் தூக்கி, ஓய்வில் இசையைத் தூக்கிய உழைக்கும் கரங்களுக்கல்லவா? அதை உணர எனக்கு ஆறரை ஆண்டு தேவைப்பட்டது. புனிதாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமாயிருந்தது.

மணி ஐந்து ஐம்பத்து நான்கு. என் கையில் இன்னும் நான்கு பக்கங்கள் உள்ளன. கைதட்டி நிறுத்த வேண்டாம், படிக்கப் போவதில்லை. நாகையா, நீங்கள் கிளம்ப இருபத்தோரு நிமிடம் இருக்கிறது. கடைசிப் பாடலோடு நிறுத்தாதீர்கள். என் பக்கங்களுக்கான நேரத்தில் இன்னொரு பாடலும் வாசித்துவிட்டுப் போங்கள்.

பொறுமை காத்த அவைக்கும், பொழுதை அளந்து தந்த புனிதாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம். குழுவினரே, ஒலிவாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள்.