நீரஜாவின் முன்பற்கள்

அடையாறில் உங்கள் கிளினிக்குக்கு நல்ல வெளிச்சம், டாக்டர். மயிலாப்பூரில் எனக்குப் பட்டப்பகலிலும் ட்யூப்லைட் வேண்டும். என் பெண் நீரஜாவின் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் வம்சத்தில் எனாமல் சரியாக உருவாகாது. பல் மஞ்சளாக முளைத்துப் பொலபொலவென்று உதிரும். நான் பல் டாக்டர் ஆனதே அதனால்தான். மூத்தவள் ஹம்சாவுக்கு என் பல் அப்படியே வந்தது. சின்னவள் நீரஜாவுக்கு வரவில்லை.

ஹம்சாவின் பற்கள் எல்லாவற்றுக்கும் நானே கேப் போட்டேன். கையால் வாயை மூடிக்கொண்டே சிரித்த பெண் அதற்கப்புறம்தான் வாய்விட்டுச் சிரித்தாள். தொண்ணூற்று மூன்றில் தி. நகரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் ரசித்துத்தான் சாப்பிட்டார்கள். காபி கொண்டுவந்த நீரஜாவைப் பார்த்துவிட்டுப் பையனின் அம்மா சொன்னாள்: "பெரியவளுக்குக் கட்டின பல்லுன்னு பார்த்தாலே தெரியறது. சின்னவளைன்னா சொல்லுங்கோ, இப்பவே தட்டு மாத்திக்கலாம்."

ஹம்சா அன்று முழுக்க அறையைவிட்டு வரவில்லை. அடுத்து வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள்.

என் மனைவி காமாக்ஷி ஊரில் எல்லாரும் செய்வதைச் சொன்னாள். "இனிமே யாராவது வந்தா, நீரஜாவை ராஜா அண்ணாமலைபுரத்துல எங்கண்ணா ஆத்துல விட்டுட்டு வந்துடுங்கோ." பெற்ற பெண்ணைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் மனசு என்ன பாடுபடும்?

அதனால் அவளைக் கிளினிக் நாற்காலியில் உட்காரவைத்து, அக்காவின் வியாதி அவளுக்கும் ஆரம்பித்துவிட்டது என்றேன். பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை, சீக்கிரமே பார்த்துட்டேளேப்பா" என்றாள். மரத்துப்போக ஊசி போட்டேன். கேப் மாட்ட ராவியபோது ஹம்சாவின் பல் சுண்ணாம்பு மாதிரி கரைந்தது. இவளுடையதை ராவ நேரம் பிடித்தது. என் அனுபவத்தில் அவ்வளவு நல்ல பற்களை நான் பார்த்ததில்லை. அக்காவுக்குப் போட்ட அதே நிறத்தில் கேப் மாட்டினேன். அடுத்து வந்தவர்கள் இருவரையும் பார்த்து, குடும்பத்துச் சிரிப்பு என்று மெச்சினார்கள். தை மாதம் ஹம்சாவுக்குக் கல்யாணம் ஆயிற்று.

சிரித்தால் தெரிகிற பற்களோடு நிறுத்திக்கொண்டது என் தவறு. இந்த வியாதி முன்பல்லை மட்டும் பிடிக்காது என்பது உங்களுக்கும் தெரியும். அவளுடைய கடைவாய்ப் பற்கள் முத்துமுத்தாக இருப்பதைப் பார்த்துவிட்டீர்கள். நான் ஹம்சா வீட்டுக்குப் போயிருந்த சமயமாகப் பார்த்து வலி வந்து, உங்களிடம் ஓடிவந்திருக்கிறாள்.

ஆமாம், அவள் பல்லில் ஒரு குறையும் இருந்ததில்லை. நான்தான் ராவினேன்.

இப்போது அவளுக்கு வரன் பார்க்கிறோம். கல்யாணமே வேண்டாம் என்கிறாள். "எனக்குப் பொறக்கற குழந்தைக்கும் இது வரணுமாப்பா?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் பெண் இந்த உலகத்தில் என்னை நம்புகிற மாதிரி வேறு யாரையும் நம்புவதில்லை. அதைக் கெடுக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, டாக்டர்.