மொட்டைக் கழுத்துக் குஞ்சுகள்

பாஞ்சாலி: கூடையைத் தூக்குடி காஞ்சனா. பாத்துட்டுப் போறேன்.

காஞ்சனா: வேணாக்கா. ராத்திரிதான் பொரிச்சிச்சி. ஈரம் காயட்டும்.

பாஞ்சாலி: ஒரே வூட்டுக்கு வாழ வந்த ஓர்ப்படிகிட்ட போயி கூடையை மூடி மூடி வைக்கறே. நான் இன்னா பருந்தா.

காஞ்சனா: அடைக்கோழி கருப்பி கொத்தும்க்கா.

பாஞ்சாலி: உன்னைக் கொத்தும். அதோட ஆத்தாளையே அடை வச்சி எறக்கினவ நான். நீ இந்த வூட்டுக்கு வந்தப்போ பொட்டை எது, சேவல் எதுன்னு கேட்டவ.

காஞ்சனா: இதை எத்தினி தபா சொல்லுவே.

பாஞ்சாலி: உனக்கு மறந்து போச்சேன்னுதான் சொல்றேன். எத்தினி குஞ்சு?

காஞ்சனா: பதினொண்ணு.

பாஞ்சாலி: வச்ச பதினொண்ணும் பொரிச்சிச்சா.

காஞ்சனா: ஆங்.

பாஞ்சாலி: அதுல வெள்ளை எத்தினி?

காஞ்சனா: வெள்ளையைத் தனியா எண்ணலக்கா.

பாஞ்சாலி: இன்னா, எண்ணத் தெரியலயா. கையெழுத்துப் போடத் தெரிஞ்சவ ஆச்சே நீ.

காஞ்சனா: ஆரம்பிச்சிட்டியா...

பாஞ்சாலி: நானா ஆரம்பிச்சேன்? ஆடியில சீமைச் சேவலோட வந்த கோழி ஆபீசரு ஆரம்பிச்சாரு. கையெழுத்துப் போடத் தெரிஞ்ச அம்மா யாருன்னு கேட்டாரு. நீ முந்தானையைச் சொருவிகினு முன்னாடி போயி நின்னே. கைநாட்டுக்காரி நான் பின்னால நின்னேன். வெள்ளைச் சேவல் உன் கைக்குப் போச்சு.

காஞ்சனா: ஒரு வூட்டுக்குத்தான் தருவேன்னாரு. அதுக்கு நான் இன்னா பண்றது.

பாஞ்சாலி: உன்கிட்ட இருந்த கோழியெல்லாம் யாரு கொடுத்ததுன்னு அவருக்குத் தெரியுமா. கருப்பு ரெண்டு, கொண்டைக்கோழி ஒண்ணு, குட்டைக்காலு ரெண்டு, ஊரை எழுப்பற கின்னிக்கோழி ஜோடி. பாதி நான் கொடுத்தது. அதைக் காட்டித்தான் சேவல் வாங்கினே.

காஞ்சனா: கொடுத்ததைச் சொல்லிக் காட்டறியேக்கா.

பாஞ்சாலி: காட்டத்தான் காட்டுவேன். ஆமா, எங்க அந்த மகராசன்? ஆடி மாசம் பாத்தது. அப்புறம் கண்ணுல காட்டவே மாட்டேங்கறே.

காஞ்சனா: கூண்டுல கீது. சீமைக்கோழிக்கு நம்ம வெயிலு ஆவாது.

பாஞ்சாலி: கூண்டைச் சுத்தி சாக்கு. குடிக்க மோரு. வேணுவுக்கு ஒரு நாளாவது நீ இப்பிடி மோரு கொடுத்திருப்பியா.

காஞ்சனா: என் வூட்டுக்காரருக்கு நான் இன்னா கொடுக்கறேன்னு பாக்கறதுதான் உனக்கு வேலையா.

பாஞ்சாலி: நம்ம ரெண்டு வாசலுக்கும் நடுவுல ஒரு படல்தானே. கண்ணை மூடிகினா நடக்க முடியும்? தூக்கு கூடையை.

காஞ்சனா: அக்கா, கையை எடு... அக்கா, சொன்னா கேளு...

பாஞ்சாலி: தள்ளு. தூக்கிட்டேன்.

காஞ்சனா: பாத்துட்டியா. ஆசை தீந்துச்சா.

பாஞ்சாலி: ஒண்ணு கூட வெள்ளை இல்லியே காஞ்சனா. ஐயோ பாவம்.

காஞ்சனா: பாவம்னு சொல்லும்போதாவது சிரிக்காம இரு.

பாஞ்சாலி: சிரிக்கலடி. என் பல்லு அப்பிடி. செவப்பு, கருப்பு, சாம்பலு... ஊரு பூரா வெள்ளைக் குஞ்சு எறக்கப் போறேன்னு சொல்லிகினு திரிஞ்சியே.

காஞ்சனா: நிறத்தை வுடு. கழுத்தைப் பாரு.

பாஞ்சாலி: கழுத்துக்கு இன்னா.

காஞ்சனா: ஏழு குஞ்சுக்குக் கழுத்துல முடியே இல்ல.

பாஞ்சாலி: சீக்கா இருக்கும்.

காஞ்சனா: சீக்கு இல்லக்கா. மொட்டைக் கழுத்துச் சேவல் இந்த ஊருல ஒண்ணே ஒண்ணுதான் இருந்திச்சி. யாரோடதுன்னு நான் வேற சொல்லணுமா.

பாஞ்சாலி: அதைத்தான் மலைக்கு வுட்டுட்டேனே. நாட்டுச் சேவல் ஒண்ணு கூட பக்கத்துல இருக்கக் கூடாது, இருந்தா சாதி கெட்டுடும்னு ஆபீசரு சொன்னாரு. என் வூட்டுக்காரரு, உங்க பாவாவும் சரி சரின்னு தலையை ஆட்டிட்டாரு. நீ உன் நாட்டுச் சேவலை அறுத்து ஆபீசருக்கே கொழம்பு வச்சே. எனக்கு அறுக்க மனசு வரல. ஆடிக் கிருத்திகைக்குக் கூடையில வச்சி அத்தினி படியும் ஏறி, முருகனுக்கு வுட்டுட்டு வந்தேன். ஊரே பாத்துச்சி.

காஞ்சனா: ஊரு கூடையைப் பாத்துச்சி. மேல துணி கட்டியிருந்தே.

பாஞ்சாலி: அன்னிக்குத் தூறல்.

காஞ்சனா: அதோ மலை தெரியுது. அதைப் பாத்து சொல்லு. உள்ள இருந்தது மொட்டைக் கழுத்தான்தானா.

பாஞ்சாலி: விடியக்காலையில சத்தியம் எல்லாம் கேக்காதே.

காஞ்சனா: அக்கா...

பாஞ்சாலி: இல்ல. பள்ளிப்பட்டு சந்தையில வாங்கினது. ஒரு காலு நொண்டி.

காஞ்சனா: சாமிக்கு நொண்டிச் சேவலா.

பாஞ்சாலி: சாமியே ஒண்ணும் கேக்கல. நீ கேக்கறே.

காஞ்சனா: அப்போ அது?

பாஞ்சாலி: வைக்கப்போருக்குப் பின்னால. பஞ்சாரத்தைக் கவுத்து வச்சிருக்கறேன். எனக்கு அது பிள்ளை மாதிரிடி. குஞ்சுல பருந்து தூக்கிப் போட்டதை மஞ்சள் வச்சி பொழைக்க வச்சேன்.

காஞ்சனா: கூவுமே. பாவாவுக்குக் கேக்காதா.

பாஞ்சாலி: நல்லா கேட்டுச்சி. அதுதான் வினை. ஒரு நாளு பாயில எழுந்து உக்காந்து, "ஆகா, காஞ்சனாவோட வெள்ளைச் சேவல் இன்னா கம்பீரமா கூவுது பாரு, நம்மளுதும் இருந்திச்சே"ன்னாரு. என் சேவலுடி அது. என் பக்கத்துல படுத்திருந்த மனுசன் உன் சேவலுன்னு சொல்றாரு. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியல. அன்னிக்கு என் வயிறு எரிஞ்சிச்சி பாரு...

காஞ்சனா: அதுக்காக?

பாஞ்சாலி: ஆங், அதுக்காகத்தான். மறுநாளே இருட்டோட படலைத் தூக்கி அதை உன் பக்கம் வுட்டேன். உன் பொட்டைங்க நடுவுல சுத்தும். வெளிச்சம் வர்றப்போ ஒரு புடி கம்பு காட்டினா என்கிட்ட வந்துடும். ஆவணி பூரா வுட்டேன். நீ அடை வச்ச பொறவுதான் நிறுத்தினேன்.

காஞ்சனா: நாளைக்குப் பத்து மணி பஸ்ஸுல ஆபீசரு வர்றாரு. வெள்ளைக் குஞ்சு இருந்தா இருபது வெள்ளைப் பொட்டை எனக்கு. இல்லன்னா அடுத்த தெரு துளசிங்கம் வூட்டுக்கு. அது தெரிஞ்சும் பண்ணியா.

பாஞ்சாலி: தெரிஞ்சுதான் பண்ணேன். உனக்கு அந்த இருபது வரக் கூடாதுன்னுதான் பண்ணேன்.

காஞ்சனா: நான் உனக்கு இன்னா கெடுதல் பண்ணேன்.

பாஞ்சாலி: ஒண்ணும் பண்ணல. அதான் இன்னும் எரியுது. பதினஞ்சு வருசமா இந்த ஊருல யாரு கோழிக்குக் கழிச்சல் வந்தாலும் பாஞ்சாலியைக் கூப்புடுன்னுதான் சொல்லுவாங்க. ஆடிலேந்து ஒருத்தர் என் வாசல்ல நிக்கல. வெள்ளைச் சேவல் வூட்டுக்காரியைக் கேளுன்னு உன்கிட்ட வர்றாங்க. என் கூட்டாளி அன்னம்மாள் கூட என் வூட்டைத் தாண்டிகினு உன் வூட்டுக்கு வர்றா. இன்னும் இருபது வந்தா நான் எங்க போயி நிக்கறது. போ, சொல்லு. ஆபீசருகிட்ட சொல்லு, உங்க பாவாகிட்ட சொல்லு. சாமியை ஏமாத்தினவன்னு நாலு பேரைக் கூப்புட்டு சொல்லு.

காஞ்சனா: சொல்ல மாட்டேன்.

பாஞ்சாலி: ஏன், நல்லவன்னு பேரு வாங்கப் போறியா. அந்தப் பேரும் உனக்கே வேணுமா.

காஞ்சனா: நல்லவளும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ படலைத் தூக்கறது எனக்கு மொத நாள்லேந்தே தெரியும்.

பாஞ்சாலி: தெரியுமா.

காஞ்சனா: முழிச்சிகினுதான் படுத்திருப்பேன். சத்தம் கேட்டா சுவத்துப் பக்கம் திரும்பிக்குவேன். நடுவுல ரெண்டு நாளு உனக்குக் காய்ச்சல் வந்திச்சே... அப்போ படலை நானே தூக்கி வச்சேன்.

பாஞ்சாலி: உனக்கு இன்னா பைத்தியமா. சீமைச் சேவலைக் கூண்டுல வச்சிகினு என் சேவலுக்கு எதுக்குடி வழி வுட்டே? இரு... அந்தச் சாக்கை எடு. நான் பாக்கணும்.

காஞ்சனா: எடுத்துக்கோ. உள்ள ஒண்ணும் இல்ல. வந்த ஒம்பதாம் நாளே கழிஞ்சி செத்துப் போச்சுக்கா. உன்னைக் கூப்புட்டிருந்தா பொழைச்சிருக்கும், எனக்கும் அது தெரியும். உன் கை பட்டுப் பொழைச்சிதுன்னு ஊரு சொல்லுமேன்னு வயிறு எரிஞ்சி, கூப்புடாம வுட்டேன். சேவல் செத்தது ஊருக்குத் தெரியக் கூடாதுன்னா குஞ்சு பொரிக்கணுமே. உன் சேவல் வரலன்னா இந்தப் பதினொண்ணும் கூமுட்டைதான்.