பாம்புக்கு ஏது படம்

— அசையாதீங்க அஸ்லாக், கட்டு அவுந்துடும். ரெண்டு காலும் ஒடிஞ்சு கிடக்கிற ஆளுக்கு இந்தப் படத்துக்கு இப்ப என்ன அவசரம்?

— சாயங்காலக் கப்பல்ல கிறிஸ்தியானியா பட்டணத்துக்குப் போகணும், குரி. பேரும் போட்டாச்சு, 1853-ன்னு வருஷமும் போட்டாச்சு. சுருட்டிக் கட்டிக் குடுத்துடேன், என் கண்ணுல்ல.

— கட்டுறேன். முதல்ல இது என்னன்னு சொல்லுங்க. கட்டின பொண்டாட்டி தெரிஞ்சுக்க வேணாமா?

— பழைய சாமிக் கதைதான், உனக்குத் தெரியாததா? குகையில கட்டிப் போட்டிருக்கிறது லோகி. மேல தொங்குற பாம்பு அவன் மூஞ்சியில விஷத்தைச் சொட்டுது. பொண்டாட்டி சிகின் அதைக் கிண்ணத்துல ஏந்துறா.

— லோகிக்கு உங்க மூக்கு.

— கண்ணாடியப் பாத்து வரைஞ்சேன். படுத்துக் கிடக்கிறவன் வேற ஆளுக்கு எங்க போவேன்?

— சிகினுக்கு?

— மனசுல தோணுன முகம்.

— தலைய விரிச்சுப் போட்டிருக்காளே. நம்ம ஹார்டாங்கர்ல கல்யாணமானவ எவ வெறுந்தலையோட நிப்பா?

— அது சாமி காலம்டி. அப்ப ஏது தலைத்துணி?

— ஓகோ. அப்ப இந்தப் பாம்பு தலையில மட்டும் எதுக்கு?

— அது... படம். படம் எடுத்து ஆடுது.

— நம்ம நார்வேல எந்தப் பாம்புங்க படம் எடுத்துச்சு? சனிக்கிழமை தவறாம கஞ்சி போட்டு மடிக்கிறவளுக்கு, தன் தலைத்துணி மடிப்பு தெரியாதா?

— ஐயோ, வெறும் கரிக்கோடு குரி. நீயா எதையாவது...

— விஷம் கக்குறது நான். ஏந்துறது என் தங்கச்சி ரன்வெய்க். நல்லா இருக்குங்க உங்க சாமிக் கதை!

— கத்தாத. சமையக்கட்டுல இருக்கா, அவளுக்குக் கேட்டுடும்.

— கேக்காது. படத்தை நேத்தே பாத்துட்டேன். காலையில அவளைப் படகேத்தி அப்பா வீட்டுக்கு அனுப்பியாச்சு. அழுதுகிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனா.

— அடிப்பாவி... குரி, உடம்பு கொதிக்குது. தண்ணி குடு. நீயும் போயிட்டா நான் செத்தேன்.

— இத்தனை நாளா உங்க வாந்தியையும் சீழையும் இந்தக் கிண்ணத்துல ஏந்தினது யாரு? அவளா?

— நீதான். நீதான்டி என் சிகின். மாத்தி வரைஞ்சுடுறேன், அந்தக் கரியை எடு.

— கரி இருக்கட்டும். கதையில, கிண்ணம் நிறைஞ்சா சிகின் என்ன பண்ணுவா?

— வெளிய கொட்டப் போவா. அவ வர்ற வரைக்கும் விஷம் அவன் மேலதான் விழும். அவன் துடிக்கிற துடிப்புல பூமியே நடுங்கும். ஏன் கேக்குற? குரி... சால்வைய ஏன் எடுக்குற?

— கிண்ணம் நிறைஞ்சிருச்சுங்க. கொட்டிட்டு வரேன்.