காலி வீட்டுக் கொடியில் துணி

— அப்படி வரிசையாப் போடாதீங்க கிரிசாந்தோ அண்ணே. குடும்பம் இருக்கிற வீடு மாதிரி தெரியணும். ஒரு சட்டை, ஒரு பாவாடை, நடுவுல ஒரு குழந்தை ஜட்டி.

— குழந்தை ஜட்டியா? இந்த வீட்ல இருந்தது எவாரிஸ்தோ கிழவன், நெரெய்தா.

— தெருவுல நின்னு பாக்கிறவனுக்கு அது தெரியுமா? குழந்தை இருக்குன்னா கதவை உடைக்கக் கொஞ்சம் யோசிப்பான்.

— யோசிக்கிற ஆளுங்களா அவனுங்க? மூலைக் கட்டடத்துல என்னத்த யோசிச்சானுங்க? காலி வீட்டை உடைச்சு உள்ள ஏறினானுங்க. மறுநாளே மிச்சம் இருந்த சனத்தையும் படியில உருட்டி விட்டுட்டானுங்க. அவனுங்க வந்த வெள்ளை வேன் இன்னைக்குக் காலைல நம்ம வாசல்ல நின்னுச்சு. ஒருத்தன் இறங்கி மாடி மாடியா அண்ணாந்து பாத்தான்.

— அதுக்குத்தான் துணி. பேசாம கிளிப்பை மாட்டுங்க.

— நம்ம கராகாஸ் மேட்டுல பிரேக் இல்லாத பஸ்ஸை இறக்கினவன் நான். இப்ப பாரு, ஊரை விட்டு ஓடினவன் வீட்ல ஜட்டி காயப் போடுறேன்.

— டயர் வந்தா மறுபடி ஓட்டுங்க.

— டயரா! டிப்போவுல பஸ்ஸுக்குள்ள கோழி வளத்தானுங்க.

— கோழியா? முட்டை கிடைக்குமா?

— கோழி இருந்தப்ப கிடைச்சுது.

— சரி, இதைக் கேளுங்க. தண்ணி வர்ற அன்னைக்கு ஒவ்வொரு காலி வீட்லயும் கக்கூஸ்ல ஒரு வாளி ஊத்துங்க. சத்தம் வெளிய கேக்கணும். சாயங்காலம் கரண்ட் இருந்தா சமையக்கட்டு விளக்கு மட்டும் போடுங்க. எல்லாத்தையும் போட்டா வசதியான வீடுன்னு வந்துருவானுங்க.

— இதெல்லாம் நீதானே பாத்துக்கிற? எனக்கு எதுக்குப் பாடம்?

— முட்டி வலிக்குது. லிஃப்ட் செத்ததுலேர்ந்து நான்தானே ஏறி இறங்குறேன்.

— இந்த எவாரிஸ்தோ பயலைச் சொல்லணும். முப்பது வருஷம் எங்கூட டொமினோ ஆடினவன். போறேன்னு ஒரு வார்த்தை சொன்னானா? "ஞாயித்துக்கிழமை வந்துருவேன், செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திடு"ன்னு சாவியைக் குடுத்தான். எந்த ஞாயித்துக்கிழமை? இப்ப வேத்து நாட்டுல, லிமாவுல தெருத் தெருவா எலுமிச்சை விக்கிறானாம்.

— போறேன்னு வாயைத் தெறந்தா காலு நகராது, அண்ணே. அதான் எல்லாரும் அப்படிச் சொல்றாங்க.

— செடிக்குத் தண்ணி ஊத்துன்னா அந்த ஆளு திரும்பி வரப் போறதில்லன்னு அர்த்தம். இந்தக் கட்டடத்துல சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

— இந்தக் கட்டடத்துல குழந்தை எங்க இருக்கு?

— அதை விடு. எதிர்க் கட்டடத்தைப் பாத்தாத்தான் எனக்குத் தைரியம். மாடிக்கு மாடி துணி தொங்குது பாரு. கத்தினா ஓடி வர நாலு சனம் இருக்கு.

— அண்ணே...

— அந்தச் சிவப்பு பேஸ்பால் பனியன்காரனைப் பாரு. சுத்தமான ஆளு, எப்பவும் துவைச்சுப் போட்டிருக்கான்.

— அது என் வீட்டுக்காரரு பனியன்.

— என்னது?

— கொலம்பியாவுக்குப் போனப்ப விட்டுட்டுப் போனது. எதிர்க் கட்டடத்துல மிலாக்ரோஸ்னு ஒருத்தி, என்னை மாதிரியே போனவங்க வீட்டுச் சாவியெல்லாம் வச்சிருக்கிற சாவிக்காரி. ஒரே துணி தொங்கினா சந்தேகம் வரும்னு ரெண்டு பேரும் மாத்திக்குவோம். நீங்க மாட்டுற அந்தப் பாவாடை அவளோடது.

— அப்ப அத்தனை வீடும்...

— காலி. அவ ஒருத்திதான் இருந்தா.

— சரி போ, ஒருத்தியாவது இருக்காளே.

— நல்லாப் பாருங்க. வியாழக்கிழமை மழையில அந்தத் துணியெல்லாம் நனைஞ்சுது. அவ எடுக்கல. காஞ்சுது, நேத்து மறுபடி நனைஞ்சுது. பனியன் ஒத்தைக் கிளிப்புல தொங்குது.

— போய்த் தட்டிப் பாக்கக் கூடாதா?

— தட்டினேன். உள்ள இருமல் சத்தம் கேட்டுது. ஆம்பளை இருமல்.

— மாதாவே!

— மெதுவாப் பேசுங்க. இந்த ஜன்னல்ல பேசினா அங்க கேக்கும்.

— அப்ப இந்தப் பக்கம் நீயும் நானும் மட்டும்தானா?

— ஆமா.

— பரவால்ல. ரெண்டு பேரு இருந்தா ஒருத்தர் முழிச்சிருக்கலாம், ஒருத்தர் தூங்கலாம். நீ பக்கத்துல இருக்கிற வரைக்கும் நான் தாங்கிடுவேன், தாயி. நாளைக்கு நானே மேல ஏறித் துணியை மாத்துறேன். உன் முட்டிக்கு ஓய்வு குடு.

— அண்ணே.

— என்ன தாயி? சொல்லு.

— ஞாயித்துக்கிழமை வந்துருவேன். எங்க வீட்டுச் செடிக்கும் கொஞ்சம் தண்ணி ஊத்திடுங்க.